அடுப்படிக் கேள்வி பதில்: ஓவனில் வாட்டிய காய்கறி

புரட்டாசி பிறக்கச் சில வாரங்களே இருக்கின்றன. மாதம் முழுவதும் மாமிசம் தொடாத நம் தென்னாப்பிரிக்கத் தமிழ் வீடுகளில், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் கோழி ரோஸ்ட் இருந்த இடத்தில் எதை வைப்பது என்று இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது வந்திருக்கும் கடிதங்களிலிருந்து தெரிகிறது. பலரும் ஓவனில் வாட்டும் காய்கறியைப் பற்றியே கேட்டிருப்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். வெள்ளைச் சோற்றுக்கும் பருப்புக்கும் தொட்டுக்கொள்ளும்படி உப்பும் உறைப்பும் மணமும் கூடிய காய்கறிதான் நமக்கு வேண்டும். இறைச்சியின் சாற்றை நம்பிப் பக்கத்தில் வைக்கப்படும் வெறுங்காய்கறி நம் இலைக்குப் போதாது.

கேள்வி: அம்மா, காலிஃபிளவர், கேரட், உருளைக்கிழங்கு, பட்டர்நட் பரங்கி எல்லாவற்றையும் நறுக்கி, எண்ணெய், உப்பு, இரண்டு கரண்டி வீட்டு மசாலா சேர்த்துப் பிசிறி, ஒரே தட்டில் குவித்து 180 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கிறேன். காய் அவித்ததுபோலத் தொளதொளவென்று வருகிறது, தட்டின் அடியில் தண்ணீர் நிற்கிறது, மசாலா மட்டும் கசக்கிறது. எங்கே தவறுகிறேன்?
— சாட்ஸ்வர்த் வாசகி

பதில்: அம்மா, நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் முதல் இரண்டுக்கும் காரணம் தண்ணீர்தான். காலிஃபிளவரின் எடையில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். கெட்டியான காய் என்று நாம் நினைக்கும் உருளைக்கிழங்கில்கூட ஏறத்தாழ 80 விழுக்காடு தண்ணீர்தான். காயின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஆனால் நாம் விரும்பும் பொன்னிறமும் முறுகல் மணமும் ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல்தான் வேகமாக உண்டாகின்றன. காயிலுள்ள சர்க்கரையும் புரதக் கூறுகளும் சூட்டில் ஒன்றோடொன்று சேர்ந்து புதிய மணங்களைப் பிறப்பிக்கும் இந்த மாற்றத்தை லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-இல் விவரித்தார். வெங்காயம் சிவப்பதும் தோசை முறுகுவதும் இதே மாற்றத்தால்தான். ஆகவே காயை வேகவைப்பதைவிட, அதன் மேல் ஈரத்தை விரைவாகப் போக்குவதுதான் ஓவனில் நமக்குள்ள முதல் வேலை.

குவித்து வைத்த காயில் ஒரு துண்டிலிருந்து கிளம்பும் ஆவி அடுத்த துண்டில் படிகிறது; நீங்கள் ஓவனுக்குள் ஓர் இட்லிப் பானையை உண்டாக்கிவிடுகிறீர்கள். ஓவனோடு வரும் பெரிய தட்டில் முக்கால் கிலோ காய்க்கு மேல் போடாதீர்கள். துண்டுக்கும் துண்டுக்கும் இடையே ஒரு விரல் அகல இடைவெளி இருக்க வேண்டும். இடம் போதவில்லையென்றால் இரண்டு தட்டுகளில் பரப்பி, பாதி நேரத்தில் மேல் தட்டைக் கீழும் கீழ்த் தட்டை மேலுமாக மாற்றுங்கள். கழுவிய காயைத் துணியில் பரப்பி, டர்பனின் ஈரக்காற்றில் அது தானாக உலரும் என்று நம்பாமல், மின்விசிறியின் கீழ் அரை மணி நேரம் வைத்துத் துடையுங்கள். ஓவனை 220 டிகிரியில், விசிறி உள்ள ஓவனானால் 200 டிகிரியில், வெறுந்தட்டையும் உள்ளே வைத்தே இருபது நிமிடம் காய விடுங்கள். காய்ந்த தட்டில் காயைப் போடும்போது, தோசைக்கல்லில் மாவு விழும் சத்தம் கேட்க வேண்டும்.

நறுக்குவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காலிஃபிளவரை உருண்டைப் பூவாக விட்டால் தட்டில் ஒரு புள்ளி மட்டுமே தொடும். பூவைத் தண்டோடு சேர்த்து நடுவே பிளந்தால் தட்டையான ஒரு முகம் கிடைக்கும். அந்த முகத்தைக் கீழே வைத்துப் பதினெட்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு ஒரு துண்டைக் கரண்டியால் எழுப்பிப் பாருங்கள்: தண்டின் வெட்டுமுகம் வறுத்த முந்திரியின் நிறத்தில், ஓரத்துப் பூந்துகள்கள் கருஞ்சிவப்பாக உலர்ந்து, தட்டிலிருந்து தானாகக் கழன்று வரும். இழுத்தும் வரவில்லையென்றால் அது இன்னும் பதத்துக்கு வரவில்லை என்று பொருள். சுரண்டி எடுக்காமல் மூன்று நிமிடம் பொறுங்கள். காய்களுக்குப் பதம் வேறு வேறு என்பதால் நான்கையும் ஒரே நேரத்தில் வைப்பதும் சரியல்ல. ஓர் அங்குலத் துண்டுகளானால் கேரட்டுக்கு முப்பத்தைந்து நிமிடம், பட்டர்நட்டுக்கு முப்பது, காலிஃபிளவருக்கு இருபத்தைந்து என்று கணக்கு வைத்து, தாமதமாக வேகும் காயை முதலில் உள்ளே அனுப்புங்கள். உருளைக்கிழங்கைப் பற்றிப் பின்னால் தனியாகவே எழுதியிருக்கிறேன்.

கசப்புக்கு வருகிறேன். நம் வீட்டு மசாலாவில் மிளகாய்த்தூள்தான் முன்நிற்கும். அதோடு மல்லி, சீரகம், பட்டை எல்லாம் ஏற்கெனவே வறுத்து அரைத்தவை. காய்க்குத் தண்ணீர் காவல். தூளுக்கு அந்தக் காவல் இல்லை. ஒரு மணி நேர வறண்ட சூட்டில் அது தீய்ந்து கசக்காமல் இருக்காது. ஆகவே தொடக்கத்தில் அரைக் கிலோ காய்க்கு ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய், முக்கால் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள் மட்டும் போதும். காய் சிவந்த பிறகு, ஒரு தேக்கரண்டி மசாலாவை ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் குழைத்து, தட்டை வெளியே எடுத்துக் காயின் மேல் ஊற்றிப் புரட்டி, கடைசி எட்டு நிமிடத்துக்கு மட்டும் உள்ளே வையுங்கள். மசாலாவின் பச்சை வாசனை போவதற்கு அந்த எட்டு நிமிடம் தாராளம். கறிவேப்பிலையும் அந்த நேரத்துக்குத்தான். எலுமிச்சைச் சாறும் கொத்தமல்லியும் மேசைக்குப் போகும்போது.

கேள்வி: எங்கள் ஆயா மதும்பிக் கிழங்கை அவித்து, தோலுரித்து, உப்புத் தொட்டுத் தருவார்கள். நான் அதைப் பச்சையாகவே சீவி வில்லைகளாக நறுக்கி ஓவனில் வைத்தேன். வெளியே நன்றாகச் சிவந்தது. உள்ளே கடினமாக இருந்ததோடு தொண்டையும் அரித்தது. மதும்பியை ஓவனில் செய்யவே கூடாதா?
— டோங்காட் வாசகர்

பதில்: தாராளமாகச் செய்யலாம், தம்பி, ஓவனுக்கு இதைவிடப் பொருத்தமான கிழங்கு நம் குவாஸுலு-நட்டால் மாகாணத்தில் கிடையாது என்பது என் கருத்து. ஜூலு மக்கள் அமடும்பே என்று அழைத்து வளர்க்கும் இந்தக் கிழங்கும், தமிழ்நாட்டில் சேப்பங்கிழங்கு என்று விற்கும் கிழங்கும் ஒரே செடியினம். 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து கரும்புத் தோட்டங்களில் இறங்கிய நம் முன்னோர், பெயர் தெரியாத இந்த மண்ணில் அதன் அகன்ற இலையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அரிப்புக்குக் காரணம், கிழங்கின் சதைக்குள் ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள். தண்ணீரில் நன்றாக வெந்தால்தான் இந்த அரிப்பு அடங்கும். ஓவனின் வறண்ட சூட்டில் வெளிப்புறம் விரைவில் முறுகிவிடுவதால், உள்ளே வெந்துவிட்டது என்று கண் ஏமாந்துபோகிறது. திருமணமான புதிதில் நானும் அரைவேக்காட்டு மதும்பியை விருந்தினருக்குப் பரிமாறி, அவர்கள் தண்ணீர் கேட்டுக் கேட்டுக் குடித்ததைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அன்றிலிருந்து முழுதாக வேகாத மதும்பியை நான் ஓவனுக்குக் காட்டுவதே இல்லை.

மண் போகத் தேய்த்துக் கழுவி, தோலோடு, சிறு நெல்லிக்காய் அளவு புளியும் உப்பும் போட்ட தண்ணீரில் அவியுங்கள். முட்டை அளவுக் கிழங்குக்கு இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து நிமிடம் ஆகும். கத்தி முனை நடுவரை தடையில்லாமல் இறங்க வேண்டும், அதே நேரம் கிழங்கு குழைந்துவிடவும் கூடாது. சூடாக இருக்கும்போதே தோலுரிக்க அவசரப்படாதீர்கள், வழவழப்புக் கையில் ஒட்டும். முழுவதும் ஆறிய பின் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உரித்து, குளிர்பெட்டியில் மூடாமல் இரண்டு மணி நேரம் வையுங்கள். அதற்குள் மாவுச்சத்து இறுகி, மேலே இருந்த பிசுபிசுப்பு உலர்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு கிழங்கையும் உள்ளங்கைக்கு இடையே மெல்ல அழுத்துங்கள். ஓரம் விரிந்து வெடித்து, மேடும் பள்ளமுமாக ஒரு தட்டை உருவாகும். சீராக நறுக்கிய வில்லையைவிட இந்த வெடித்த ஓரங்கள்தான் மொறுமொறுப்பாக வரும்.

அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி அரிசிமாவு, அரைத் தேக்கரண்டி ஓமம், கால் தேக்கரண்டி பெருங்காயம், மஞ்சள், உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்து உடையாமல் பிசிறி, 220 டிகிரியில் பதினைந்து நிமிடம் வைத்துத் திருப்புங்கள். திருப்பும்போது மிளகாய்த்தூள் குழைத்த எண்ணெயை மேலே தடவி இன்னும் பத்து நிமிடம் வையுங்கள். ஓமம் மணத்துக்கு மட்டுமல்ல, வாயுவுக்கும் நல்லது என்று நம் பெரியவர்கள் கிழங்கோடு எப்போதும் அதைச் சேர்த்தார்கள், நானும் விடுவதில்லை.

கேள்வி: சர்க்கரைவள்ளிக்கிழங்கை ஓவனில் முழுதாகச் சுட்டால் தேனாக இனிக்கிறது. அதே கிழங்கைத் துண்டாக்கி அதிகச் சூட்டில் வாட்டினால் அந்த இனிப்பு வருவதில்லை. ஏன்?
— ஸ்டாங்கர் வாசகி

பதில்: கிழங்குக்குள்ளேயே மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும் ஒரு நொதி இருக்கிறது. கிழங்கின் உள்சூடு ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரிவரை இருக்கும்போதுதான் அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். அதற்கு மேல் சூடேறினால் அடங்கிவிடும். முழுக்கிழங்கு மெல்லச் சூடாவதால் நொதிக்கு நீண்ட நேரம் கிடைக்கிறது, சிறு துண்டு விரைவில் சூடேறுவதால் கிடைப்பதில்லை. முதல் பதிலில் காய்ந்த ஓவனை அவ்வளவு வற்புறுத்திய நான் இந்த ஒரு கிழங்குக்கு மட்டும் விலக்குத் தருகிறேன்: காயாத ஓவனில், தோலோடு முழுதாக வைத்து, 160 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் விடுங்கள். தோலில் பாகு கசிந்து கருகத் தொடங்கும்போது எடுத்துப் பிளந்து, உப்பு, மிளகுத்தூள், எலுமிச்சை மூன்றையும் சேருங்கள். இனிப்புக்கு மேல் இனிப்பு வேண்டாம்.

கேள்வி: நல்லெண்ணெயில் வாட்டலாமா? நெய் சேர்க்கலாமா?
— இசிப்பிங்கோ வாசகி

பதில்: 220 டிகிரிக்குச் சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய்தான் பொருத்தம், நல்ல விலையில் எங்கும் கிடைக்கிறது, சீக்கிரம் புகையாது. நெய்யும் அந்தச் சூட்டைத் தாங்கும், வெண்ணெய் தாங்காது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் அதற்கு முன்பே புகைந்து மணம் கெட்டுவிடும் என்பதால், அதை வாட்டுவதற்குப் பயன்படுத்தாமல், காய் வெளியே வந்த பின் ஒரு தேக்கரண்டி மேலே விட்டுப் புரட்டுங்கள்.

கேள்வி: உருளைக்கிழங்கு வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே மாவாகவும் வர என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு எண்ணெய் விட்டாலும் தோல்போல இறுகித்தான் வருகிறது.
— மவுண்ட் எட்ஜ்கோம் வாசகர்

பதில்: எண்ணெய் கூடினால் மொறுமொறுப்பு வராது, தம்பி, மேற்பரப்பு சொரசொரப்பானால்தான் வரும். ஒன்றரை அங்குலத் துண்டுகளை, இரண்டு லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் உப்பும் போட்டு எட்டு முதல் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். சோடாவின் காரத்தன்மையால் துண்டின் வெளிப்புறத்தைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் விரைவாகக் கரைகிறது. தண்ணீரை வடித்துவிட்டு, மூடி போட்டுப் பாத்திரத்தை நாலைந்து முறை பலமாகக் குலுக்குங்கள். ஓரமெல்லாம் நொறுங்கி, துண்டுகளின் மேல் கஞ்சிபோல ஒரு மாவுப் பூச்சு படியும். ஓவனில் முறுகப்போவது அந்தப் பூச்சுதான். மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் ஆவி போக விட்டுப் பிறகு எண்ணெயில் புரட்டி, 220 டிகிரியில் நாற்பத்தைந்து நிமிடம், நடுவே இரண்டு முறை திருப்பி வாட்டுங்கள். சோடா அளவுக்கு மீறினால் சவர்க்கார வாடை வரும் என்பதால் கண்ணளவாகப் போடாதீர்கள்.

பொன்னிறத்தோடு நிறுத்திவிடுங்கள் என்று இந்தக் கிழங்குக்கு மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மாவுச்சத்துள்ள பொருள்களை 120 டிகிரிக்கு மேல் பொரித்தாலோ வாட்டினாலோ அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்று 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நிறம் கறுக்கக் கறுக்க அதன் அளவும் கூடும். குழந்தைகள் விரும்பித் தின்னும் பண்டம் என்பதால் இதில் கவனம் வேண்டும்.

கேள்வி: டர்பனில் இருக்கும் என் அக்கா சொல்லும் நேரக் கணக்கு லெனேசியாவில் எங்கள் வீட்டில் ஒத்துவருவதில்லை. ஓவன் பழுதா?
— லெனேசியா வாசகி

பதில்: ஓவனைக் குற்றம் சொல்வதற்கு முன் ஊரின் உயரத்தைக் கணக்கில் எடுங்கள். ஜோஹானஸ்பர்க் வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. எனவே உருளைக்கிழங்கையும் மதும்பியையும் தண்ணீரில் வேகவைக்கும் நேரத்தை நாலில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள், அல்லது மதும்பிக்குக் குக்கரைப் பயன்படுத்துங்கள். ஓவனுக்குள் நிலைமை நேர்மாறானது: உங்கள் ஊரின் குளிர்காலக் காற்று வறண்டது, காயின் ஈரமும் விரைவில் போய்விடும், ஆகவே அக்கா சொன்னதற்கு ஐந்து நிமிடம் முன்பே கதவைத் திறந்து பாருங்கள். இருந்தாலும் வீட்டு ஓவன்களின் குமிழ் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் பத்து இருபது டிகிரி மாறுபடுவது சகஜம் என்பதால், ஓவனுக்குள் வைக்கும் சிறு வெப்பமானி ஒன்று வாங்கிவைப்பது வீண் செலவாகாது.

கேள்வி: நான் படிப்புக்காகத் தனியாகத் தங்கியிருக்கிறேன். என்னிடம் ஏர் ஃபிரையர் மட்டுமே இருக்கிறது. லோட் ஷெடிங் முன்புபோல் இல்லையென்றாலும் எங்கள் பகுதியில் கரண்ட் போவது நிற்கவில்லை. பாதியில் நின்றுவிட்டால் காயைத் தூக்கிப்போட வேண்டுமா?
— ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: ஏர் ஃபிரையர் என்பது பலமான விசிறி பொருத்திய சிறு ஓவன்தான், தம்பி. ஒரு ஆளுக்கு அதுவே நல்லது. 1,500 வாட் பெட்டி இருபது நிமிடம் ஓடினாலும் அரை யூனிட்தான் செலவாகும். கூடையில் ஓர் அடுக்குக்கு மேல் போடாமல், 200 டிகிரியில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம், நடுவே ஒரு முறை குலுக்கினால் போதும். கரண்ட் போய்விட்டால் கூடையைத் திறக்காதீர்கள். உள்ளிருக்கும் சூட்டில் காய் வெந்துகொண்டிருக்கும், சிவப்பது மட்டும்தான் நின்றுபோகும். வெந்த பிறகு எடுத்து, கேஸ் அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, கிளறாமல் நான்கு நிமிடம் போட்டால் விட்ட இடத்திலிருந்து முறுகல் வந்துவிடும். இதற்காக எந்தக் காயையும் தூக்கிப்போட வேண்டியதில்லை.

கேள்வி: இங்கே எல்லோரும் செய்வதுபோலப் பட்டர்நட்டுக்குச் சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவி வாட்டினேன். இது பொரியலா, பாயசமா என்று மாமியார் ஒரு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. அவர்களுக்குப் பிடிக்கும்படி எப்படிச் செய்வது?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: இந்த வழக்கில் நான் உங்கள் மாமியார் பக்கம் நிற்கிறேன், அம்மா. பட்டர்நட்டுக்கு இயல்பிலேயே வேண்டிய இனிப்பு இருக்கிறது, வாட்டும்போது தண்ணீர் வற்றி அது இன்னும் கூடுகிறது. அதற்குத் தேவை உறைப்பும் புளிப்பும் உப்பும். அது பரங்கிக்காய்க்குச் சொந்தக்காரி, ஆகவே பரங்கிக்காய்க்கு நம் வீட்டில் என்ன மரியாதை உண்டோ அதையே இதற்கும் செய்யுங்கள்.

தோலைச் சீவ வேண்டாம். மெல்லிய தோல், ஓவனில் மென்மையாகிவிடும், துண்டு உடையாமலும் காக்கும். ஓர் அங்குலத் துண்டுகளை எண்ணெய், உப்பு, மஞ்சளோடு 220 டிகிரியில் முப்பது நிமிடம் வாட்டுங்கள். கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது சிறு வாணலியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் காயவைத்து, ஒரு தேக்கரண்டி கடுகு வெடித்ததும் ஒரு தேக்கரண்டி உளுத்தம்பருப்பு, கிள்ளிய மிளகாய்வற்றல் இரண்டு, பெருங்காயம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை போட்டு, பருப்புச் சிவந்ததும் மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த்துருவலைச் சேர்த்து ஒரு புரட்டுப் புரட்டி இறக்குங்கள். ஓவனிலிருந்து வரும் தட்டின் மேலேயே இதைக் கொட்டி, அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். தாளிப்பைக் காயோடு ஓவனுக்குள் அனுப்பினால் உளுந்தும் தேங்காயும் கருகிவிடும். வெளியில்தான் சேர்க்க வேண்டும். விதைகளை எறிந்துவிடாதீர்கள். நார் போகக் கழுவி, துடைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் பிசிறி 160 டிகிரியில் இருபது நிமிடம் வைத்தால் மாலையில் மாமியாருக்கு டீயோடு கொறிக்க ஆகும்.

கேள்வி: புரட்டாசியில் நாங்கள் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. அவையில்லாமல் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் ஓவனில் மணமாக வருமா? கத்தரிக்காய் எண்ணெயை எல்லாம் குடித்துவிடுகிறதே?
— டர்பன் வாசகி

பதில்: கத்தரிக்காயின் சதை பஞ்சுபோலக் காற்றறைகளால் ஆனது, அந்தக் காற்று வெளியேறும் இடமெல்லாம் எண்ணெய் புகுந்துகொள்கிறது. நறுக்கிய காயில் முன்கூட்டியே உப்புத் தூவி அரை மணி நேரம் வைத்தால் தண்ணீர் கசிந்து சதை அமுங்கும்; கையால் பிழிந்து துடைத்துவிட்டால் அரைக் கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். காலிஃபிளவருக்கு இப்படி முன்கூட்டியே உப்புப் போட்டு வைத்தால் ஈரம்தான் கூடும், பிழியவும் முடியாது. ஆகவே இது கத்தரிக்காய்க்கு மட்டும் உரிய வழி. வார்விக் பகுதியில் நூறாண்டு கடந்த காலைச் சந்தையில் கிடைக்கும் பிஞ்சுக் கத்தரிக்காயானால் உப்பில் வைக்கவும் தேவையில்லை. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டுமுகத்தில் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, எண்ணெய் தடவி, அந்த முகம் தட்டில் படும்படி கவிழ்த்து 220 டிகிரியில் இருபத்தைந்து நிமிடம் விடுங்கள்.

வெண்டைக்காய் வழவழப்பதற்குத் தண்ணீர் துணை வேண்டும். அதைக் கழுவிய பின் ஒவ்வொன்றாகத் துடைத்து, காம்பை மட்டும் நீக்கி நீளவாக்கில் பிளந்து வாட்டினால், பதினைந்து நிமிடத்தில் வழவழப்பே இல்லாமல் ஓரம் சுருண்டு வரும்.

வெங்காயமும் பூண்டும் தரும் மணத்துக்கு ஈடாக, காய்ந்த எண்ணெயில் பொரித்த கட்டிப் பெருங்காயம்தான் முதலில் வேண்டும். இதற்கு மேல் எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. எள், உளுந்து, மிளகாய்வற்றல், பெருங்காயம் வறுத்து, உப்புச் சேர்த்து அரைத்த இட்லிப் பொடி பூண்டில்லாமல் வீட்டில் இருக்கும் அல்லவா? காய் வெளியே வந்த கணமே அதில் இரண்டு தேக்கரண்டியை நல்லெண்ணெயில் குழைத்துக் கத்தரிக்காயின் கீறல்களுக்குள் இறங்கும்படி தடவுங்கள். சூட்டில் எள் மணம் எழுந்து சமையலறை முழுவதும் நிறையும்.

கேள்வி: கோயில் மதிய அன்னதானத்துக்கு நாற்பது பேருக்கு வாட்டிய காய்கறி கொண்டுபோக ஒப்புக்கொண்டிருக்கிறேன். காலையிலேயே செய்து அலுமினியத் தாளில் மூடி எடுத்துப்போகலாமா?
— வெருலம் வாசகி

பதில்: மூடினால் அவ்வளவு பாடும் வீண், அம்மா, சூடான காயின் ஆவி தாளில் முட்டித் துளித்துளியாகக் காயின் மேலேயே விழும். முதல் நாள் மாலையே முக்கால் பதத்துக்கு வாட்டி, தட்டுகளில் பரப்பி ஆறவைத்து, குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். காய் வாடி எடை குறையும் என்பதால் தலைக்கு இருநூறு கிராம் பச்சைக்காய் கணக்கில் எட்டுக் கிலோ வாங்குங்கள். மறுநாள் புறப்படுவதற்கு முன் 230 டிகிரியில் பத்து நிமிடம் காட்டி, அகன்ற தட்டுகளில் பரப்பி, மெல்லிய பருத்தித் துணி மட்டும் போர்த்தி எடுத்துப்போங்கள். கோயில் மடைப்பள்ளியில் பெரிய வாணலி இருக்கும். கடுகும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் அங்கே தாளித்து, இலை போட்ட பிறகு காயின் மேல் கொட்டி, எலுமிச்சையை ஒவ்வொரு தட்டுக்கும் பரிமாறும் நேரத்தில் பிழியுங்கள்.